ஆதரவு வாபஸ்

சுபைர் செல்போனில் வந்த கடிதத்தைத் தன் மனைவி பாயிஸாவுக்குச் சத்தம்போட்டு வாசித்துக் காட்டினான்.

"மகிழ்ச்சியான செய்தி! நமது ஒளிச்சரம் இனி விக்டோரா குடும்பத்தில் ஓர் அங்கம். அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்கு எதுவும் மாறாது."

பாயிஸா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எதுவும் மாறாதுன்னா அப்புறம் எதுக்குங்க லெட்டர் போடறாங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதைக் கேட்க அவளுக்கு அரை வெங்காயம் நறுக்கும் நேரம் போதுமாக இருந்தது. பதில் சுபைருக்குத் தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

சுபைரிடம் இருந்தது ஓர் எல்இடி திரை. கள்ளக்குறிச்சியில் இப்போது கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு திரை மின்ன வேண்டும். அதில் மணமக்கள் மேகத்தில் மிதக்க வேண்டும், தாய்மாமன் சிங்கத்தோடு நடந்து வரவேண்டும். இல்லையென்றால் அது விசேஷமே இல்லை. ஊரில் முதன்முதலாக இந்தத் திரையை இறக்கியவன் சுபைர்தான். அத்தாவின் செருப்புக் கடையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டில் பாதிப் பேர் பேச்சை முறித்துக்கொண்ட பிறகும், பிடிவாதமாக வாங்கிய திரை. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலும் அவன் மனசு தாங்காது.

திரை தானாக ஓடாது. அதை ஓட்ட ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்ல லேப்டாப்பில் ஒரு மென்பொருள் வேண்டும். பெட்டியில் இரண்டு சாதி. டோங்லி கம்பெனியின் நீலப் பெட்டி, விக்டோரா கம்பெனியின் சிவப்புப் பெட்டி. சுபைரிடம் இருந்தது நீலம். தியாகதுருகத்தில் சின்னராசு என்பவன் வைத்திருந்தது சிவப்பு. மென்பொருள் மட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான், ஒளிச்சரம். கோயம்புத்தூரில் நாலைந்து பையன்கள் சேர்ந்து செய்தது. அதில் வெங்கடேசன் என்று ஒருவன், தன் சொந்த நிச்சயதார்த்தத்தின்போதுகூட போனை எடுத்து, "சொல்லுங்ணா, திரை ஓடுதுங்களா?" என்று கேட்டவன். அவனுக்கு நீலமும் சிவப்பும் ஒன்றுதான்.

அந்த ஒளிச்சரத்தைத்தான் இப்போது சிவப்புப் பெட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது.

சேதி தெரிந்த அன்றைக்கே தியாகதுருகத்தில் சின்னராசு சரவெடி வெடித்தான். லட்டு கொடுத்தான். விக்டோரா கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தன் கரும்புக் காட்டை விற்று அதை வாங்கியதே தான்தான் என்கிற மாதிரி பஸ் ஏறி வந்து, சுபைரின் கடை வாசலில் நின்றுகொண்டு வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்: "நம்ம கம்பெனி ஒங்க சாப்ட்வேர வாங்கிட்ச்சு பாய். ஒண்ணும் கவலப்படாத, நல்லா பாத்துக்குவோம்."

"ஒன்ன யாரு பாத்துக்க சொன்னது? எல்லா பொட்டிக்கும் சமமான ஆதரவுன்னு எழுத்துல போட்டுக்கிறாங்க," என்றான் சுபைர்.

பாவம், நம்பினான். எழுத்தில் இருப்பதையெல்லாம் நம்புகிற பழக்கம் செருப்புக் கடையிலேயே அவனுக்கு உண்டு. அந்த நம்பிக்கையைத் திரையில் வந்த எழுத்துகளே கெடுத்தன.

முதல் சங்கடம் மணலூர்பேட்டையில் நடந்தது. ஒரு காதணி விழா. வீட்டுப் பெரியவர் கொளஞ்சியம்மாள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கொளஞ்சியம்மாள் பேத்தி காதணி விழா" என்று திரையில் தங்க எழுத்தில் ஜொலிக்க வேண்டியது. ஜொலித்தது. ஆனால் முதல் எழுத்தின் கொம்பு தனியாக ஓர் ஓரத்தில், கால் தனியாக இன்னோர் ஓரத்தில், நடுவில் ஒரு 'க' அநாதையாக நின்றது. புள்ளிகள் எல்லாம் எழுத்தின் தலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உருண்டு கிடந்தன.

கொளஞ்சியம்மாள் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "எம்பேர இன்னாத்துக்குய்யா கறி மாறி கூறு போட்டு வச்சிக்கிற?" என்று கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. சுபைருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெங்கடேசனுக்குப் போன் போட்டான். அந்த எண் இப்போது மித்ரா என்கிற இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மித்ரா வாட்ஸப்பில் வந்து, "வணக்கம்! உங்கள் மகிழ்ச்சியே என் மகிழ்ச்சி. என்ன பிரச்சினை?" என்றது.

"கொம்பு கழண்டு தனியா போய்டுது," என்று சுபைர் தட்டினான்.

மித்ரா கொஞ்சம் யோசித்தது. "வருந்துகிறோம். மாடு தொடர்பான பிரச்சினைகளுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகவும். இந்தப் பதில் பயனுள்ளதாக இருந்ததா?"

சுபைர் 'இல்லை' என்று அழுத்தினான். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. திரும்ப எழுதினான், திரும்ப மாடு. சிவப்புப் பெட்டியில் அதே பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லித் தெரிந்தவர்களிடம் கேட்டான். அங்கே கொம்பும் காலும் பாசமாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தனவாம்.

ஒரு வாரம் கழித்து வெங்கடேசனே யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். திருட்டுத்தனமாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான். "அண்ணா, நீலப் பொட்டிய பார்த்துட்டிருந்த டீம்ல இப்ப ஒரு ஆள் கூட இல்லைங்ணா. ஆனா நிறுத்திட்டோம்னு மட்டும் சொல்லக்கூடாதுன்னு மேல உத்தரவுங்ணா."

"நீ இருக்கியேப்பா?"

"நானு இப்ப வேற பிரிவுங்ணா. வாடிக்கையாளர் பரவசப் பிரிவு."

"அதுல இன்னா பண்ணுவ?"

"தெரியலைங்ணா," என்று சொல்லிவிட்டு வெங்கடேசன் போனை வைத்துவிட்டான்.

இதற்குள் மூங்கில்துறைப்பட்டு சடையன் வந்து சேர்ந்தார். ஆலைக்குக் கரும்பு போடுகிற விவசாயி, நல்ல மனிதர். அவர் மகள் செந்தமிழ்ச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தமிழரசன், அவளே விரும்பிய பையன். விவகாரம் என்னவென்றால், அவளுடைய தாய்மாமன் பூமாலை தன் மகனுக்குத்தான் பெண் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். அவரை வழிக்குக் கொண்டுவரச் சடையன் நடையாய் நடந்திருந்தார். முறைப்படி தாம்பூலத் தட்டு வைத்து, கையைப் பிடித்து, கண்ணீர் விட்டு, ஒருவழியாக வரவேற்புக்கு வருகிறேன் என்ற அளவுக்குப் பூமாலை இறங்கியிருந்தார்.

"மச்சான் எதுடா சாக்குன்னு பாத்துக்கினே வருவாரு பாய்," என்றார் சடையன். "ஒரு எழுத்து தப்பா வரக்கூடாது. ஒன்ன நம்பித்தான் இருக்கறன்."

சுபைர் இந்தத் தடவை எச்சரிக்கையாக இருந்தான். பெயர்களை எழுத்தாகப் போடாமல் படமாகவே செய்து ஏற்றினான். மண்டபத்தில் திரை பிரமாதமாக ஓடியது. செந்தமிழ்ச்செல்வியும் தமிழரசனும் மேகத்தில் மிதந்தார்கள். பூமாலை முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போது மேகம் மறைந்தது. திரை முழுக்க வெள்ளை. அதில் கொட்டை எழுத்தில், இந்த முறை ஒரு கொம்புகூடக் கழலாமல், அட்சர சுத்தமாக வந்து நின்றது:

"கவனிக்கவும்! இந்த இணை பொருத்தமானது அல்ல. இதற்கான எங்கள் ஆதரவு இன்றுடன் முடிவடைகிறது. தகுந்த வேறு இணைக்கு மாறவும்."

கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே மாறு', 'பிறகு நினைவூட்டு'.

கம்பெனி சொன்னது ஒளிச்சரத்தையும் நீலப் பெட்டியையும்தான். ஆனால் அந்த எழுத்துக்கு நேர் கீழே மாலையும் கழுத்துமாக நின்றது வேறு இணை. பூமாலை அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். அவர் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கப் படிக்க, மண்டபமும் அவர் பின்னாலேயே படித்து முடித்தது. நாதஸ்வரம் நின்றுபோனது.

"தாய்மாமன் வேலடா இது!" என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒரு நாற்காலி பறந்தது.

"நானாடா?" பூமாலை வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் சொல்றதா இருந்தா மைக்க புடிச்சி சொல்லுவன். இவ்ளோ இலக்கணமாவாடா எழுதுவன்?"

"பாயி, இன்னாய்யா இது?" என்று சடையன் அலறினார்.

சுபைர் லேப்டாப்பிடம் ஓடினான். 'இப்போதே மாறு' என்பதை அழுத்தினால் என்ன ஆகுமோ என்று பயந்து 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினான். திரை மரியாதையாகப் பதில் சொன்னது: "நன்றி. சிறிது நேரம் கழித்து மீண்டும் நினைவூட்டுகிறோம்."

"எப்பப்பா, பந்திக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

செந்தமிழ்ச்செல்வி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தாள். "'முடியாது'ன்னு சொல்ற பட்டன் எங்கண்ணா?" என்று கேட்டாள்.

"அத அவங்க வெக்கலமா."

அவள் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. மைக்கை வாங்கி, "இந்த ஜோடிக்கு எவன் ஆதரவும் தேவ இல்ல. எல்லாரும் இருந்து சாப்ட்டு போங்க," என்றாள். அப்படியொரு கைதட்டலை அந்த மண்டபம் கேட்டதில்லை. பூமாலையே தட்டினார். தன் மனதில் இருந்ததைச் சுவர் அளவுக்கு யாரோ ஒருவர் பொதுவில் சொல்லிவிட்ட பிறகு அவருக்குக் கோபமே தீர்ந்துபோயிருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

கல்யாணம் நிற்கவில்லை. சுபைரின் தொழில்தான் நின்றது. "அந்த பாயி தெர வேணாம்பா, பொருத்தம் பாத்து சொல்லுதாம்," என்று ஊரெல்லாம் பேசினார்கள். முன்பணம் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சின்னராசு கள்ளக்குறிச்சியிலேயே கிளை திறந்தான். துக்கம் விசாரிக்க வந்தவன் போல ஒருநாள் வந்து உட்கார்ந்து, "பேசாம செவப்புக்கு வந்துடு பாய்," என்றான். பெட்டியை மாற்றினால் திரையையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது சின்னராசுக்கும் தெரியும்.

அவன் போன பிறகு சுபைர் நீலப் பெட்டியை மடியில் வைத்துத் துடைத்தான். ஒரு கீறல் கிடையாது. ஒரு நாள் சூடேறி நின்றது கிடையாது. நன்றாக இருக்கிற ஒன்றை எங்கோ இருக்கும் யாரோ செத்துவிட்டதாகச் சொல்ல, இவன் பிணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. பாயிஸா பார்த்துவிடக்கூடாதென்று முகத்தையும் அதே துணியில் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். மேல்நாரைப்பாடி என்கிற மலை ஊரின் வார்டு மெம்பர். அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவாம். சின்னராசுவிடம் கேட்டிருக்கிறாள். கொண்டை ஊசி வளைவில் திரை உடைந்துபோகும் என்று அவன் கைவிரித்துவிட்டான்.

"எனுக்கு தெர வேணும் பாய். எங்க புள்ளைங்களும் மேகத்துல மெதக்கட்டும்," என்றாள்.

சுபைர் பழைய பென்டிரைவ் ஒன்றில் கிடந்த, வெங்கடேசன் காலத்து ஒளிச்சரத்தை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். கீழே இதையே செய்து பார்த்திருக்கிறான். திறந்த மாத்திரத்தில் அது பெட்டிக்குள்ளேயே பதித்திருந்த சிம் வழியாக நெட்டைப் பிடித்துத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு பல்லிளிக்கும், அதை அணைக்கவும் வழியில்லை. மேல்நாரைப்பாடியில் டவர் இல்லை. ஒளிச்சரம் நெட்டைத் தேடியது, இன்னும் கொஞ்சம் தேடியது, பிறகு போனால் போகிறதென்று வேலையைப் பார்த்தது. திரையில் எழுத்து வந்தது. எல்லாக் கொம்பும் அதனதன் இடத்தில்.

அதன்பின் மலையில் எந்த விசேஷமானாலும் சுபைரின் திரைதான். தேர், மஞ்சள் நீர், வளைகாப்பு எதையும் விடவில்லை. ஊருக்கு ஊர் மினி லாரியில் ஏறினான். "சீக்காளிக்கு மலக்காத்து ஒத்துக்கினாப்ல ஒங்க தெரைக்கு ஒத்துக்கினு போச்சுங்க," என்று பாயிஸா சிரித்தாள். ஒரு கம்பெனியின் ஆதரவு கிடைக்க வேண்டுமானால் அந்தக் கம்பெனியின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது சுபைருக்குப் புரிந்தது.

மறுபடியும் சின்னப்பொண்ணு வந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "டவரு வருது பாய்! எத்தினி வருஷமா மனு குடுத்துக்கினு இருந்தன்! தெறப்பு விழாவுக்கு ஒன் தெரதான் வேணும். டவர தெறந்ததும் சென்னையிலேர்ந்து அமைச்சரு நெட்டு வழியா ஒன் தெரையில பேசுவாராம்."

நெட் வந்தால் தன் திரை என்ன ஆகும் என்பதைச் சுபைர் அவளிடம் மறைக்காமல் சொன்னான்.

அவள் யோசித்தாள். "நீ வரலன்னா கட்சிக்காரங்க கீழேர்ந்து வேற யாரயாவது இட்டுக்கினு வருவாங்க. எப்பிடியும் டவரு வந்துடும் பாய். போன மழைக்கு எம்மருமவளுக்கு வலி கண்டுது. நூத்தியெட்டுக்கு போன் போட எம்மவன் பாறை உச்சிக்கு ஏறுனான். அவன் எறங்கி வரதுக்குள்ள புள்ள போய்ட்ச்சு." அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. சுபைருக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. டவர் வராமல் போகாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டிருந்தான் அவன்.

"வர்றன்," என்றான்.

விழா மேடையில் கூட்டணிக் கட்சிகள் இரண்டின் ஒன்றியப் பிரமுகர்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி நின்றார்கள். சீட்டுப் பங்கீடு நடந்துகொண்டிருந்த நேரம். அதனால் கை தோளில் இருந்தாலும் கண் வேறு எங்கோ இருந்தது. பின்னால் சுபைரின் திரை ஒளி வெள்ளமாக வரவேற்றது. பெரிய பிரமுகர் பொத்தானை அழுத்தினார். ஊரில் இருந்த எல்லாச் செல்போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. சனங்கள் கூச்சல் போட்டார்கள், யாரோ குலவை இட்டார்கள். லேப்டாப்பும் ஒரு சின்ன மணி அடித்தது. சுபைர் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது அமைச்சர் வரவில்லை. வெள்ளைத் திரையில் எழுத்துதான் இருந்தது. கம்பெனிக்காரன் எந்த அகராதியைப் புரட்டினானோ, 'இணை'யை விட்டுவிட்டு இந்த முறை வேறு சொல்லைப் பிடித்திருந்தான்.

"இந்த மேடைக்கான எங்கள் ஆதரவு இத்துடன் நிறைவடைகிறது. இதுவரை உடன் பயணித்தமைக்கு நன்றி."

மேடையில் தோளிலிருந்து கைகள் இறங்கின. "யாரோட ஆதரவுய்யா?" என்றார் ஒருவர். "அத நீங்கதான் சொல்லணும்," என்றார் மற்றவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ப் போனை எடுத்தார்கள். மேல்நாரைப்பாடி டவரின் முதல் அழைப்பு இதுதான்: "தலைவரே, நம்ம கூட்டணி இருக்குதுங்களா, இல்லீங்களா?" எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் தனித்தனிக் காரில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மலையிறங்கிப் போனார்கள்.

திரை தானாக அணைந்தது. சுபைர் ஒரு தடவை முடுக்கிப் பார்த்தான். பழைய ஒளிச்சரம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. டவர் எடுக்கிறவரை பென்டிரைவில் இருந்ததையும் லேப்டாப் காலாவதி என்று தள்ளியது. அவனை யாரும் திட்டவில்லை, திட்டுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. ஊரே போனும் காதுமாக நின்றது. சின்னப்பொண்ணு திருப்பூரில் இருக்கும் மகளிடம், "வூட்டு வாசல்லேர்ந்து பேசறன்டீ! பாறைமேல ஏறல! வாசல்லேர்ந்து!" என்று கத்திக்கொண்டிருந்தாள். சுபைருக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பலகை பலகையாகத் திரையைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவனுடைய போனும் அடித்தது. சின்னராசு.

"பாய், மேல டவர் எடுக்குதா? நல்லதா போச்சு." சின்னராசுவின் குரலில் பழைய சரவெடி இல்லை. "எம்பொட்டி பழய மாடலாம் பாய். புது செவப்புக்குத்தான் ஆதரவாம். காலையில ஒரு கல்யாணத்துல எல்லா கொம்பும் தனியா வந்துட்ச்சு. அடிக்க வந்துட்டானுங்க. நீ மலையில டவர் இல்லாத ஊரா பாத்து சமாளிச்சிக்கினு இருந்தியாமே. அந்த மாறி ஊரு இன்னும் எதுனா இருக்குதா?"

சுபைர் கையில் பிடித்த பலகையோடு மேலே பார்த்தான். மலைக்கு மேல் மலை.

"இன்னும் மேல ரெண்டு ஊரு இருக்குது சின்னராசு."

"இருக்குதா? அப்ப நாளைக்கே கெளம்பலாமா பாய்?"

"கெளம்பலாம். அங்க டவரும் இல்ல, ரோடும் இல்ல. தெரைய தலையில தூக்கிக்கினு நடப்பியா?"